இயந்திரம் எழுதிய நிரலுக்கு யார் சத்தியம் செய்வது?

(புத்தலப்பட்டில் கல்லூரி மாணவர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஆந்திரத்துக்குள் ஒரு தமிழ்ச் சொற்பொழிவா என்று வெளியூர்க்காரர்கள் வியப்பாகப் பார்ப்பார்கள். நமக்கு இதில் என்ன வியப்பு? வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, கல்லூரியில் ஆங்கிலம், பெங்களூரில் அறை எடுத்துத் தங்கினால் கொஞ்சம் கன்னடம். சித்தூர் மாவட்டத்துப் பிள்ளைகளின் நாக்கு அப்படித்தான் பழகியிருக்கிறது. இன்று நான் பேசப்போகும் விஷயத்தில் அந்த நாக்குக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் எடுத்துக்கொண்ட பொருள், கம்ப்யூட்டர் நிரல் எழுதும் ஏஐ. கோபைலட், கர்சர், கிளாட் கோட் என்று பல பெயர்களில் இன்றைக்குப் புரோகிராமர்களின் திரைக்குள் வந்து உட்கார்ந்துவிட்ட உதவியாளர்கள். இவற்றை வைத்து வேலை செய்கிறவர்கள் எதை நம்புகிறார்கள்? எதற்கு அஞ்சுகிறார்கள்? அந்த நம்பிக்கையில் எவ்வளவு நியாயம், அந்த அச்சத்தில் எவ்வளவு நியாயம்?

இதைப் புத்தலப்பட்டில் பேச வேண்டுமா? ஐஐடியில் பேசினால் போதாதா? போதாது. இந்தப் பக்கம் போனால் சென்னை, அந்தப் பக்கம் போனால் பெங்களூர். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நம் ஊர்களில் தெருவுக்கு நாலு வீட்டுப் பிள்ளைகள் ஐடி கம்பெனியில் இருக்கிறார்கள், அல்லது அதற்காகப் படிக்கிறார்கள். கல்விக் கடன் வாங்கியது இங்கே. மாந்தோப்பை அடமானம் வைத்தது இங்கே. அதனால் கேள்வியும் இங்கேதான் எழும். அவையில் இருக்கும் அப்பாக்களின் கேள்வி எனக்குத் தெரியும்: "பையனைக் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்தோமே, எல்லாவற்றையும் மிஷினே எழுதிவிடும் என்கிறார்களே, வீணாகப் போய்விட்டதா?"

வீணாகவில்லை. ஆனால் உங்கள் பையன் படிக்கிற விதத்திலேயே தொடர்ந்து படித்தால் வீணாகலாம். இதை விளக்கத்தான் வந்திருக்கிறேன்.

2021 ஜூனில் கிட்ஹப் நிறுவனம் கோபைலட் என்ற உதவியாளரைச் சோதனைக்கு விட்டது. 2022 ஜூனில் எல்லோரும் பணம் கட்டிப் பயன்படுத்தலாம் என்றாயிற்று. அதே ஆண்டு நவம்பர் 30இல் சாட்ஜிபிடி வந்தது. அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். இணையத்தில் பொதுவில் கிடந்த ஏராளமான நிரல்களைப் படித்து, இந்த வரிக்குப் பின்னால் எந்த வரி வரக்கூடும் என்று கணிக்கப் பழகிய இயந்திரம் இது. முதலில் ஒரு வரி சொன்னது, பிறகு ஒரு பக்கம் சொன்னது. இப்போது தானே எழுதி, தானே ஓட்டிப் பார்த்து, பிழை வந்தால் தானே திருத்தி, "முடிந்தது" என்று வந்து நிற்கிறது.

முதலில் நம்பிக்கையைப் பேசுவோம். நல்லதை முன்னால் சொல்வதுதானே மேடை மரியாதை?

ஒரு சோதனை நடந்தது. 95 புரோகிராமர்களிடம் ஒரே வேலை கொடுத்தார்கள்: ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சிறிய வெப் சர்வர் எழுத வேண்டும். கோபைலட் இல்லாதவர்கள் சராசரியாக 161 நிமிடத்தில் முடித்தார்கள். வைத்திருந்தவர்கள் 71 நிமிடத்தில் முடித்தார்கள். பாதிக்கும் குறைவான நேரம்! சோதனை நடத்தியவர்களில் அந்தக் கருவியை விற்கிற நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் உண்டு என்பதை ஒரு மூலையில் குறித்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் எண் எண்தான். மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை, 2024 அக்டோபரில் ஒரு விவரம் சொன்னார். கூகுளில் புதிதாக எழுதப்படும் நிரலில் கால் பங்குக்கு மேல் ஏஐ எழுதுகிறது, பொறியாளர்கள் அதைப் படித்துப் பார்த்து ஏற்றுக்கொள்கிறார்கள் என்றார். அந்த வாக்கியத்தின் பின்பாதியைப் பலர் காதில் வாங்கவில்லை. படித்துப் பார்த்து ஏற்றுக்கொள்கிறார்கள்! அதற்கு மறுபடியும் வருவேன்.

வேகத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிகிற நன்மை வேறு. நம் ஊர்ப் பிள்ளைக்குப் புரோகிராமிங்கில் எங்கே தடுக்கிறது? மூளையில் இல்லை, ஆங்கிலத்தில். பிழைச் செய்தி ஆங்கிலத்தில் வரும். விளக்கம் ஆங்கிலத்தில் இருக்கும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் கேள்வி கேட்கலாம் என்றால், கேட்ட விதம் சரியில்லை என்று அனுபவசாலிகள் கேள்வியையே மூடிவிடுவார்கள். வகுப்பில் எழுந்து கேட்கலாம் என்றால் பின் பெஞ்சு சிரிக்கும். இன்றைக்கு ஒரு பெண் ராத்திரி பதினொரு மணிக்கு, "இந்த லூப் ஏன் நிக்கவே மாட்டேங்குது?" என்று தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினாலும் பதில் வருகிறது. பாதியில் தெலுங்கு கலந்தாலும் வருகிறது. எத்தனை தடவை கேட்டாலும் முகம் சுளிக்காமல் வருகிறது. சொன்னேனே, நான்கு மொழி நாக்கு என்று. அந்த நாக்குக்குத் தன் மொழியிலேயே பதில் சொல்கிற வாத்தியார் கிடைத்திருக்கிறார். இது சின்ன விஷயமா? ஒரு தலைமுறை ஆங்கிலத்துக்குப் பயந்தே ஒதுங்கிப் போனதைப் பார்த்தவர்கள் இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டார்கள்.

சரி. இனி கதையை நம் தோப்புக்குள் கொண்டுபோவோம்.

2025 மாம்பழப் பருவம் நினைவிருக்கிறதா? மறந்திருக்க முடியாது. தோத்தாபுரி விலை சரிந்து, மாங்கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்ற பருவம். கிலோவுக்கு 12 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. அதில் 8 ரூபாய் ஆலை தரவேண்டும், 4 ரூபாய் அரசு விவசாயியின் கணக்கில் போடும் என்று ஏற்பாடு. இந்தக் கணக்குக்கு ஒரு புரோகிராம் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடைமேடையில் ஏறும் வண்டிக்குச் சீட்டு அடிக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு என்று பட்டியல் போட வேண்டும். அவ்வளவுதான்.

ஏஐ உதவியாளரிடம் சொன்னால் காபி ஆறுவதற்குள் எழுதிவிடும். பழத்தோடு வண்டியின் எடை, அதிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழி. நிகர எடையை 8ஆல் பெருக்கு, அது ஆலைக் கணக்கு. 4ஆல் பெருக்கு, அது அரசுக் கணக்கு. திரை அழகாக இருக்கும். பொத்தான்கள் பச்சையாக மின்னும். ஓட்டிப் பார்த்தால் ஓடும்.

இப்போது இந்த அவையில் தோப்பு வைத்திருக்கும் ஒரு பெரியவர் எழுந்து நாலு கேள்வி கேட்கட்டும். "தோப்பு அவர் பேரில் இருக்கிறது, குத்தகைக்கு எடுத்து உரம் போட்டது நான். அந்த 4 ரூபாய் யார் கணக்குக்குப் போகும்?" புரோகிராமுக்குத் தெரியுமா? "டோக்கன் போட்டது திங்கட்கிழமை, வரிசை நகர்ந்து எடை போட்டது செவ்வாய் விடியற்காலை. இடையில் விலை மாறினால் எந்த நாள் விலை?" தெரியுமா? "வரிசையில் ரெண்டு நாள் நின்றதில் அடித்தட்டுப் பழம் அழுகிவிட்டது, கழிவு பிடிக்கிறார்கள். கழித்த எடைக்கும் அரசின் 4 ரூபாய் உண்டா, இல்லையா?" தெரியுமா? "ஒரே டிராக்டரில் அண்ணன் பழமும் தம்பி பழமும் வருகிறது. ஒரே சீட்டா, ரெண்டு சீட்டா?"

எதுவும் தெரியாது. தெரியாதது குற்றமில்லை, கேட்காததுதான் குற்றம். தனக்குத் தெரியாத இடத்தில் அது நின்று கேட்டிருந்தால் நான் அதைக் கையெடுத்துக் கும்பிடுவேன். சில நேரம் கேட்கிறது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். பல நேரம் தானே ஒன்றை அனுமானித்துக்கொண்டு, அதைச் சொல்லாமலேயே எழுதி முடித்துவிடுகிறது. அனுமானித்த இடம் வெளியில் தெரியாது. சீட்டு அடிக்கும். பணம் போகும். யாருக்கோ போகும்!

நண்பர்களே, இந்த நாலு கேள்வியைக் கேட்கத் தெரிந்தவன் யார்? பெரிய நகரத்தில் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்திருப்பவனா? புத்தலப்பட்டில் டிராக்டர் வரிசையில் அப்பாவோடு ராத்திரி தூங்கி எழுந்த பிள்ளைக்கு அல்லவா இது தெரியும்? வேலையின் உள்விவரம் தெரிந்தவனுக்கு இந்தக் கருவி வரம். தெரியாதவனுக்குப் பளபளப்பாகத் தப்புக் கணக்கு போட்டுத் தரும். டைப் அடிப்பது மலிவாகிவிட்டது. எதை எழுதவேண்டும் என்று அறிவது மலிவாகவில்லை.

ஐயங்களுக்கு வருவோம். புரோகிராமர்களே என்ன சொல்கிறார்கள்? ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஆண்டுதோறும் நடத்தும் கணக்கெடுப்பில், 2025இல் 84 சதவீதம் பேர் ஏஐ கருவிகளைப் பயன்படுத்துகிறோம் அல்லது பயன்படுத்தப் போகிறோம் என்றார்கள். அதே கணக்கெடுப்பில், அது தரும் விடை சரியாக இருக்கும் என்று நம்பாதவர்கள் 46 சதவீதம், நம்புகிறவர்கள் 33 சதவீதம். கவனித்தீர்களா? பயன்படுத்துகிறார்கள், ஆனால் நம்பவில்லை. பெரிய எரிச்சல் எது என்று கேட்டதற்கு, "கிட்டத்தட்டச் சரி, ஆனால் முழுக்கச் சரியில்லை" என்கிற விடைதான் என்று மூன்றில் இரண்டு பங்குப் பேர் சொன்னார்கள். முழுக்கத் தப்பாக இருந்தால் தூக்கி எறிந்துவிடலாம். கிட்டத்தட்டச் சரியானதில் தப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதற்குள் பொழுது விடிந்துவிடும்.

இன்னொரு சோதனை. மீட்டர் (METR) என்ற ஆய்வு அமைப்பு 2025இல் நடத்தியது. 16 பேர், எல்லோரும் கைதேர்ந்தவர்கள். பல ஆண்டுகளாகத் தாங்கள் பராமரித்துவரும் பெரிய திறமூல நிரல்களில் 246 வேலைகளைச் செய்தார்கள். சில வேலைகளுக்கு ஏஐ உண்டு, சிலவற்றுக்குக் கிடையாது. தொடங்குமுன், ஏஐ இருந்தால் 24 சதவீதம் நேரம் மிச்சமாகும் என்றார்கள். முடித்த பிறகும், 20 சதவீதம் மிச்சமானது என்றார்கள். கடிகாரம் என்ன சொன்னது? ஏஐ வைத்துச் செய்த வேலைக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆகியிருந்தது! மெதுவாகப் போனார்கள், வேகமாகப் போனதாக நினைத்தார்கள். இது எல்லோருக்கும் பொருந்தும் என்று அந்த ஆய்வாளர்களே சொல்லவில்லை. பதினாறே பேர், அன்றைய கருவிகள். கருவிகள் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன, வேகம் இன்று கூடியிருக்கலாம். எனக்கு அதில் வேகம் முக்கியமே இல்லை. தன் வேலையின் வேகமே தனக்குத் தெரியாமல் போனதே, அதுதான் உறுத்துகிறது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2022இல் ஒரு ஆய்வு. உதவியாளர் துணையோடு எழுதியவர்களின் நிரலில் பாதுகாப்புக் குறைகள் அதிகம் இருந்தன. ஆனால் தங்கள் நிரல் பாதுகாப்பானது என்று அதிகம் நம்பியவர்களும் அவர்களே. தப்பும் கூடியது, நம்பிக்கையும் கூடியது. இரண்டும் சேர்ந்து கூடினால் யார் பிடிப்பது?

2025 ஜூலையில் நடந்த ஒரு சம்பவம் உலகமெங்கும் பேசப்பட்டது. ரெப்ளிட் என்ற நிறுவனத்தின் ஏஐ முகவரை, அதாவது தானே வேலையைச் செய்து முடிக்கும் உதவியாளரை, வைத்து அமெரிக்கத் தொழில்முனைவோர் ஜேசன் லெம்கின் ஒரு செயலி கட்டிக்கொண்டிருந்தார். இனி எதையும் தொடாதே என்று அதனிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். அது உண்மையான தகவல்கள் இருந்த தரவுத்தளத்தையே அழித்துவிட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட நிர்வாகிகளைப் பற்றிய பதிவுகள் அதில் இருந்தன. மீட்க முடியாது என்று வேறு சொன்னது. பிறகு பார்த்தால் மீட்க முடிந்தது. நிறுவனத்தின் தலைவர் மன்னிப்புக் கேட்டார். முகவரும் மன்னிப்புக் கேட்டது என்பது வேடிக்கை. அதன் மன்னிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இங்கேதான் எனக்குக் காணிப்பாக்கம் நினைவுக்கு வருகிறது. பக்கத்து ஊர்க்காரர்களான உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொடுக்கல் வாங்கலில் தகராறு, வரப்புத் தகராறு என்று வந்தால், "காணிப்பாக்கத்துக்கு வா, பிள்ளையார் முன்னால் சத்தியம் பண்ணு" என்பது நம் பக்கத்துப் பேச்சு. குளத்தில் முழுகிவிட்டு ஈரத்துணியோடு வந்து நிற்கும்போதே பலர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள் என்பார்கள். ஏன்? பொய்ச் சத்தியம் செய்தால் இழக்க அவர்களிடம் ஏதோ இருக்கிறது. குடும்பம் இருக்கிறது, பேர் இருக்கிறது, பயம் இருக்கிறது. இந்த உதவியாளரைக் காணிப்பாக்கம் குளத்தில் முக்கி எடுக்க முடியுமா? அதற்கு என்ன போகும்? மாங்காய்ப் பணம் தப்பான கணக்குக்குப் போனால், விவசாயி வந்து நிற்கப்போவது ஒரு மனிதனின் மேசை முன்னால். "கம்ப்யூட்டர் அப்படிப் போட்டுவிட்டது" என்று சொல்லித் தப்பிக்கிற குமாஸ்தாவை நாம் முப்பது வருஷமாகப் பார்த்துவிட்டோம். "ஏஐ அப்படி எழுதிவிட்டது" என்று சொல்லித் தப்பிக்கிற இன்ஜினியரையும் பார்க்க வேண்டுமா?

இதற்கு அனுபவசாலிகள் சிலர் ஒரு சமாதானம் சொல்வார்கள். இதெல்லாம் பழைய பயம் என்பார்கள். உண்மைதான், பழைய கதை ஒன்று இருக்கிறது. 1952இல் கிரேஸ் ஹாப்பர் என்ற அமெரிக்கக் கடற்படைப் பெண்மணி, மனிதன் எழுதுவதை இயந்திர மொழிக்கு மாற்றித் தொகுக்கும் கம்பைலரின் முன்னோடியைச் செய்தபோது, கம்ப்யூட்டர் கணக்குத்தான் போடும், புரோகிராம் எழுதாது என்றார்கள். ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் குழு 1957இல் ஃபோர்ட்ரான் மொழியைக் கொண்டுவந்தபோது, கையால் எழுதுவதற்கு ஈடாக இயந்திரத்தால் எழுத முடியுமா என்று அன்றைய வல்லுநர்கள் சந்தேகப்பட்டார்கள். ஃபோர்ட்ரான் நிலைத்தது, புரோகிராமர்களும் பெருகினார்கள். ஆகவே இதுவும் அப்படியே என்கிறார்கள்.

நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். கம்பைலரிடம் இன்று ஒரு வரி கொடுத்தால் என்ன தருமோ, நாளைக்குக் கொடுத்தாலும் அதையே தரும். அதனால்தான் அது தருவதை யாரும் தினமும் பிரித்துப் படிப்பதில்லை. இந்த உதவியாளரிடம் ஒரே கேள்வியை இரண்டு முறை கேளுங்கள், இரண்டு விதமாக எழுதும். கம்பைலருக்குக் கொடுத்த நம்பிக்கையை இதற்கு அப்படியே தூக்கிக் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

பீட்டர் நவுர் என்று ஒரு டென்மார்க் அறிஞர். 1985இல் ஒரு கட்டுரை எழுதினார். புரோகிராம் என்பது கோப்பில் இருக்கும் எழுத்து மட்டுமில்லை, அதை எழுதியவர்களின் தலையில் இருக்கும் புரிதல்தான் அது என்று வாதாடினார். ஏன் இப்படி எழுதினோம், அப்படி ஏன் எழுதவில்லை, நாளைக்கு விதி மாறினால் எந்த இடத்தில் கைவைக்கலாம் என்கிற புரிதல். அந்தப் புரிதல் உள்ளவர்கள் போய்விட்டால், நிரல் ஓடிக்கொண்டிருந்தாலும் அது செத்ததற்குச் சமம் என்றார். நாற்பது வருஷத்துக்கு முன் சொன்னது. இன்றைக்கு நாம் பிறக்கும்போதே செத்த நிரல்களைப் பிரசவித்துக்கொண்டிருக்கிறோமோ என்று எனக்குப் பயம். எழுத்து இருக்கிறது, யார் தலையிலும் புரிதல் இல்லை. 2025 பிப்ரவரியில் ஏஐ ஆய்வாளர் ஆந்த்ரே கர்பாத்தி இதற்கு ஒரு செல்லப் பெயரே வைத்தார்: வைப் கோடிங். நிரலைப் படிக்காமலேயே, ஓடுகிறதா என்று மட்டும் பார்த்து வேலையை ஓட்டுவது. வார இறுதியில் விளையாட்டாகச் செய்கிற வேலைக்கு அது போதும் என்றுதான் அவரும் சொன்னார். நம் ஆட்கள் திங்கட்கிழமைக்கும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்!

அப்பாக்களின் கேள்விக்கு இப்போதுதான் வருகிறேன். வேலை இருக்குமா?

இதற்கு நம் நாட்டில் ஏற்கெனவே ஒரு அனுபவம் உண்டு. 1984இல் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு வங்கிகளில் கணினியைப் புகுத்த வழி சொன்னது. ஊழியர் சங்கங்கள் கணினிமயத்தைக் கடுமையாக எதிர்த்த காலம் அது. நடந்தது என்ன? கணினி வந்ததும் மறுநாளே யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. பேரேடு எழுதியவர்கள் கணினியில் தட்டினார்கள். வருஷங்கள் போயின. 2000–01இல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. அரசு வங்கிகளிலிருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் பணம் வாங்கிக்கொண்டு வெளியே போனார்கள். அவர்கள் எழுந்த நாற்காலி எல்லாவற்றிலும் புதியவர் உட்காரவில்லை. உள்ளே இருந்தவருக்குக் கொஞ்சம் கைப்பணமாவது கிடைத்தது. வெளியே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவனுக்கு என்ன கிடைத்தது? வேலை போனால் ஊருக்கே தெரியும். வர வேண்டிய வேலை வராமல் போனால் யாருக்குத் தெரியும்?

அதே அடி இப்போது மென்பொருள் வேலையிலும் விழத் தொடங்கியிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஸ்டான்ஃபோர்டின் எரிக் பிரின்யோல்ஃப்சன் குழு 2025 ஆகஸ்டில் அமெரிக்கச் சம்பளப் பட்டியல்களை அலசி ஓர் ஆய்வு வெளியிட்டது. மென்பொருள் எழுதுகிறவர்களில் 22 முதல் 25 வயதுக்காரர்களின் வேலைவாய்ப்பு, 2022 இறுதியில் இருந்த உச்சத்திலிருந்து ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. வயதில் மூத்தவர்களுக்கு அப்படி விழவில்லை. அமெரிக்க நிலவரம் அப்படியே நமக்குப் பொருந்தாது. வட்டி உயர்ந்தது, கொரோனா காலத்தில் அளவுக்கு மீறி ஆள் எடுத்தது என்று வேறு காரணங்களும் பேசப்படுகின்றன. இங்கேயும் 2025 ஜூலையில் டிசிஎஸ் 12,000க்கு மேற்பட்டவர்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. காரணம் ஏஐ இல்லை, திறன் பொருந்தாமைதான் என்று அதன் தலைமைச் செயல் அதிகாரி சொன்னார். அதில் பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலை ஆட்கள். ஆகவே ஒரே காரணத்தில் எல்லாவற்றையும் கட்டிவிட முடியாது.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். இதுவரை புதிதாகச் சேரும் ஒரு பிரஷர் எப்படி வேலை கற்றான்? கேம்பஸில் தேர்வாகி, மூன்றரை லட்சம் சம்பளத்துக்குச் சேர்ந்து, மூன்று மாதம் பயிற்சி, அப்புறம் புராஜெக்ட் இல்லாமல் கொஞ்சநாள் பெஞ்சு, அப்புறம் ஒரு சின்ன டிக்கெட். தேதி தப்பாகக் காட்டுகிறது, சரி செய். இந்த ரிப்போர்ட்டில் ஒரு நெடுவரிசை சேர். நாலு வரித் திருத்தத்துக்கு நாற்பது கோப்பைத் திறந்து படிப்பான். தட்டுத்தடுமாறித் திருத்தி அனுப்புவான். சீனியர் அதைப் பார்த்துவிட்டு, "டேய், இங்க வேல்யூ காலியா வந்தா என்ன ஆகும், யோசிச்சியா?" என்று திட்டுவார். அந்தத் திட்டுதான் படிப்பு. கல்லூரியில் கிடைக்காத படிப்பு. இன்றைக்கு அந்தச் சின்ன டிக்கெட்டைத்தான் ஏஐ மிக நன்றாகச் செய்கிறது! சீனியருக்குப் பிரஷரைத் திட்டி நேரம் போக்குவதைவிட இயந்திரத்திடம் கொடுப்பது லாபம். இந்தக் காலாண்டுக்கு லாபம். பத்து வருஷம் கழித்து, இயந்திரம் எழுதியதைப் படித்துத் தப்பைப் பிடிக்கிற சீனியர் எங்கிருந்து வருவார்? திட்டு வாங்காமல் எவனாவது சீனியர் ஆகியிருக்கிறானா?

சுந்தர் பிச்சை சொன்னதன் பின்பாதி ஞாபகம் இருக்கிறதா? பொறியாளர்கள் படித்துப் பார்த்து ஏற்றுக்கொள்கிறார்கள். படித்துப் பார்க்கத் தெரிந்த அந்தப் பொறியாளர்கள் எல்லோரும் இந்த உதவியாளர் இல்லாத காலத்தில் வேலை கற்றவர்கள். அந்த இருப்பைச் செலவழித்துக்கொண்டிருக்கிறோம். மறுபடி நிரப்புகிறோமா? என்னைக் கேட்டால், இந்தக் கருவிகளைப் பற்றிய ஐயங்களில் பெரிய ஐயம் இதுதான். மற்றவற்றில் பாதி, கருவி மேம்பட மேம்படக் குறையும். இது கருவி மேம்பட மேம்பட வளரும்.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, ஒன்று கேட்பேன், கோபப்படக் கூடாது. உங்கள் கடைசி வருஷ புராஜெக்டை யார் எழுதினார்கள்? முன்பு ஹைதராபாத் அமீர்பேட்டில் காசு கொடுத்து வாங்கினார்கள், இப்போது ஏஐ இலவசமாகத் தருகிறது. வாங்கியவனுக்கு அன்றும் ஒன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. உதவியாளரைத் தொடவே வேண்டாம் என்று சொல்கிற வாத்தியார் நான் இல்லை. தொடாமல் வேலைக்குப் போனால் முதல் நாளே திருதிருவென்று விழிப்பீர்கள். நான் சொல்வது வரிசை. முதலில் நீங்கள் எழுதுங்கள், ஓடாவிட்டாலும் எழுதுங்கள். பிறகு அதனிடம் காட்டி, எங்கே தப்பு என்று மட்டும் கேளுங்கள், திருத்தித் தராதே என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். அது எழுதித் தந்த நிரல் எதுவானாலும், மூடிவைத்துவிட்டு வீட்டில் தங்கைக்குத் தமிழில் விளக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையா? அது உங்கள் நிரல் இல்லை, உங்கள் பேர் போட்டு அனுப்பாதீர்கள். சோதனைகளை, அதாவது எது வந்தால் சரி, எது வந்தால் தப்பு என்கிற பட்டியலை, நீங்களே கையால் எழுதுங்கள். அந்த எடைமேடைக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பருவத்தில் ஆலை வாசலுக்கு ஒரு நோட்டோடு போய் நில்லுங்கள். டிரைவரிடம், குத்தகைக்காரரிடம், எடை போடுகிறவரிடம் கேட்டுக் கேள்விகளை எழுதிக்கொண்டு வாருங்கள். அதற்குப் பிறகு லேப்டாப்பைத் திறங்கள். அப்போது பாருங்கள் அந்த உதவியாளர் எவ்வளவு நல்ல வேலைக்காரர் என்று!

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. மார்க்கைப் பார்க்காதீர்கள், ஆஃபர் லெட்டரை மட்டும் பார்க்காதீர்கள். "நீ செய்ததை எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரிய வேண்டாம். பிள்ளை முழிக்கிறானா, பேசுகிறானா என்று பார்க்கத் தெரியும் அல்லவா?

கல்லூரிகளும் கம்பெனிகளும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அது தனிப் பேச்சுக்கு உரியது. ஒன்று மட்டும் சொல்லி இறங்குகிறேன். ரேணிகுண்டாவில் ஸோஹோ அலுவலகம் இருக்கிறது, பெரிய நிறுவனங்கள் பலவும் இந்தப் பக்கம் ஆள் எடுக்க வருகின்றன. நேர்முகத் தேர்வின் கடைசியில், "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். நம் பிள்ளைகள் கூச்சத்தோடு, "ஒன்றுமில்லை சார், தேங்க் யூ சார்" என்று எழுந்து வருவார்கள். இனி எழுந்து வராதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள்: "சார், முதல் வருஷம் நான் எழுதுவதை யார் படித்துத் திருத்துவார்? அவர் ஒரு மனிதரா? வாரத்தில் எத்தனை மணி நேரம் அதற்கென்று ஒதுக்கியிருக்கிறீர்கள்?" இதற்கு நேரான பதில் சொல்கிற கம்பெனியில், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் சேருங்கள். மழுப்பினால், வெளியே வந்து உங்கள் வகுப்புத் தோழர்களிடம் அதைச் சொல்லுங்கள்.

 கம்பெனிக்காரர்களிடம் கேட்கச் சொன்ன மாதிரியே என்னிடமும் கேளுங்கள். மைக் அந்த மூன்றாவது வரிசைத் தங்கையிடம் போகட்டும், ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்.